காணிக்கையும் கல்லூரியும்

தமிழ்க் குடும்பம் எந்த ஊருக்குச் சென்று குடியேறினாலும் தன்னோடு சில வழக்கங்களையும் எடுத்துச் செல்கின்றது. வீட்டில் ஒருவர்க்கு நோய் கண்டாலும், மகளின் திருமணம் தள்ளிப் போனாலும், மகன் தேர்வெழுதச் சென்றாலும், வீட்டுத் தாய் மஞ்சள் தோய்த்த துணியில் ஒரு காசை முடிந்து சுவாமி படத்தின் அடியில் வைத்து விடுகின்றாள். மும்பையின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல்பாகிலும், கொல்கத்தாவிலும், பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இந்த முடிச்சை இன்றும் காணலாம். நினைத்தது கைகூடியபின் அக்காசு திருப்பதிக்குச் சென்று சேர வேண்டும். இடையில் எத்தனை நெருக்கடி வந்தாலும் அந்த முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை.

நேயர்களே, அந்தக் காசு உண்டியலில் விழுந்தபின் என்ன ஆகின்றது? இதைக் கேட்பது பக்திக் குறைவு என்று எண்ணுவாரும் உண்டு. ஆயினும் வரலாற்றை நோக்குவார்க்கு இதனினும் சுவையான கேள்வி வேறில்லை. அக்காசின் ஒரு பகுதி விளக்காக எரிந்தது. ஒரு பகுதி அன்னமாயிற்று. ஒரு காலத்தில் ஒரு பகுதி அயலார் கருவூலத்திற்கும் சென்றது. நம் காலத்தில் அதன் ஒரு பகுதி கல்லூரியாக எழுந்தது. பின்னர் ஒரு பல்கலைக்கழகம் அமைவதற்கு நிலமாகவும் துணையாகவும் நின்றது. தனி மனிதர் தரும் கொடை ஒரு கல்விக் கூடமாக மாறுவது எவ்வாறு என்பதைத் திருப்பதியை முன்னிட்டு இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு சொல். 1911 வரை சித்தூர் நகரம் வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனுட் சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு எல்லைக் கோடுகள் பன்முறை மாறின. ஆனால் மலைமேற் கோயிலின் சுவரிற் பொறித்த எழுத்து மாறவில்லை. திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுக்களிற் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலிய அறிஞர்கள் அவற்றை ஆராய, தேவஸ்தானம் 1930-களில் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வெளியிட்டது. அவற்றைப் புரட்டுவோர் முதலிற் காண்பது மன்னர் போர்ப் புகழை அன்று. யார், எதற்காக, எவ்வளவு கொடுத்தார் என்னும் கணக்கையே காண்பர்.

அக்கொடையாளர்களுள் முன்னணியில் நிற்பவள் ஒரு பெண். காடவன் பெருந்தேவி என்றும் சாமவை என்றும் பெயர் பெற்ற பல்லவ அரசி, கி.பி. 966 அளவில் வெள்ளியால் ஒரு திருமேனி செய்து கொடுத்தாள். போக ஸ்ரீநிவாசர் எனப்படும் அத்திருமேனி இன்றும் நாள்தோறும் வழிபாட்டில் உள்ளது. வெள்ளியைக் கொடுத்ததோடு அவள் நின்றிருந்தால் அது வெறும் பரிசாக முடிந்திருக்கும். அவ்வாறு நில்லாமல், பூசையும் விழாவும் என்றும் நடைபெறுவதற்கு நிலத்தையும் எழுதி வைத்தாள். நிலம் நிலைத்திருக்க, அதன் விளைவு மட்டும் செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறக்கட்டளையின் அடிப்படை இங்கே தெளிவாகியிருந்தது எனலாம்.

விஜயநகரப் பேரரசின் காலத்தில் இம்முறை மேலும் விரிந்தது. அரசரும் அதிகாரிகளும் வணிகரும் ஆசாரியர்களும் கோயிலின் ஸ்ரீபண்டாரத்திற் பணம் செலுத்தினர். கோயிலை நிருவகித்த ஸ்தானத்தார் அப்பணத்தை அப்படியே உண்டு தீர்க்கவில்லை. கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியை ஆழப்படுத்தினர், கால்வாய் வெட்டினர். நீர் பெருகவே நெல் மிகுந்தது. மிகுந்த நெல்லைக் கொண்டு, கொடுத்தவர் குறித்த நாளில் குறித்த அமுதுபடி நடைபெற்றது. அந்தப் பிரசாதத்திற் காற்பங்கு கொடுத்தவர்க்கு உரியது. கல்வெட்டுக்கள் அதனை ‘விட்டவன் விழுக்காடு’ என்று அழகாகக் குறிக்கின்றன. சிலர் தம் பங்கை அடியார்க்கும் வழிப்போக்கர்க்கும் உணவளிக்கும் இராமானுச கூடங்களுக்கு அளித்தனர்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொடுத்தவர்க்குப் பெருமை கிடைத்தது. உழவர்க்கு நீர் கிடைத்தது. கோயிலுக்கு நெல் கிடைத்தது. பசித்தவர்க்குச் சோறு கிடைத்தது. முதலோ மண்ணில் ஏரியாகவும் கால்வாயாகவும் அழியாமல் நின்றது. கணக்கோ எல்லாரும் காணும் சுவரில் நின்றது. நம் வீட்டுத் தாய் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்க மறுக்கின்றாளே, அதே மனம் இங்கே கல்லிற் சட்டமாகி நிற்பதைக் காண்கின்றோம்.

கல்விக்கும் இம்முறை புதிதன்று. தென்னார்க்காட்டுப் பகுதியில் உள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர் தங்கிக் கற்ற ஒரு கல்லூரி இருந்தது. அதற்கென 45 வேலி நிலம் விடப்பட்டது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு நெல் என்று கல்வெட்டு அளந்து கூறுகின்றது. கற்பிப்பவன் நாளைய சோற்றுக்கு அஞ்சாதிருந்தாலன்றிக் கல்வி நிலைக்காது என்பதை அக்காலத்து ஊர்ச்சபையார் நன்கு உணர்ந்திருந்தனர்.

இனி, முடிச்சு அவிழ்ந்த காலத்தைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி திருப்பதி வரை பரவியிருந்தது. நவாபுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் கடன். கடனுக்கு ஈடாகக் கோயில் வருமானம் கம்பெனியார் கைக்குச் சென்றது. 1801-இல் நாடே கம்பெனியாருக்கு உரியதாயிற்று. யாத்திரிகர் பயபக்தியோடு செலுத்திய காணிக்கையில் கோயிற் செலவு போக எஞ்சியது அரசாங்க வருவாய் என்று கணக்கெழுதப் பெற்றது. கொடுத்தவர் மனம் மாறவில்லை. கொடையின் அளவும் பெரிதாகக் குறையவில்லை. பெற்றவரைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று இல்லாமற் போயிற்று; அவ்வளவே. காணிக்கை வரியாக மாறுவதற்கு அது போதுமானதாக இருந்தது. பின்னர், கோயில் நிருவாகத்திலிருந்து விலக வேண்டும் என்று கம்பெனித் தலைவர்கள் ஆணையிட்டமையால், 1843-இல் ஹாதீராம்ஜி மடத்து மகந்துகளிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர்களின் நிருவாகம் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நடைபெற்றது.

அக்காலத்தில் இப்பகுதிச் சிறுவரின் கல்வி எந்நிலையில் இருந்தது? திருத்தணியில் 1888-இல் பிறந்த ஒரு சிறுவனைக் கொண்டு இதனை அறியலாம். அவன் திருப்பதியில், ஜெர்மனி தேசத்து ஹெர்மன்ஸ்பர்க் நகரிலிருந்து வந்த லூத்தரன் மிஷனார் நடத்திய பள்ளியில் சேர்ந்தான். பிறகு வேலூர்க் கல்லூரி. அதன் பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரி. எளிய குடும்பத்திற் பிறந்தவனாதலின் உதவிச் சம்பளங்களைக் கொண்டே படிப்பை முடித்தான். அச்சிறுவனே பிற்காலத்தில் பாரத நாட்டின் குடியரசுத் தலைவராக வீற்றிருந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருமலையின் அடிவாரத்தில் ஓர் இந்து சிறுவன் படிப்பதற்கு, கடல் கடந்த கிறித்துவ அன்பர்களின் கொடை பயன்பட்டது. கொடைக்குச் சமயம், மொழி, நாடு என்னும் எல்லைகள் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பள்ளிப் படிப்பு முடிந்தபின் கல்லூரி நாடுவோர் வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் 1915-இல் மதனப்பள்ளியில் ஒரு கல்லூரி தோன்றியது. 1919-இல் கவி தாகூர் அங்கே தங்கி, தம் ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலத்திற் பெயர்த்தார். ஆயினும் ராயலசீமை முழுவதற்கும் இத்தகைய கல்லூரிகள் மிகச் சில. மழை பொய்க்கும் நிலம். பஞ்சம் பலமுறை கண்ட மக்கள். கடலோர ஆந்திரத்தாரும் ராயலசீமையாரும் 1937-இல் சென்னையில் ஸ்ரீபாக் இல்லத்திற் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டபோது, நீர்ப்பாசனத்தோடு பல்கலைக்கழகக் கல்வியும் அதில் இடம்பெற்றது. பின்தங்கிய பகுதிக்கு நீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கல்வியும் வேண்டும் என்று அத்தலைவர்கள் கருதினர்.

இதற்கிடையில் திருமலையில் ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமலை திருப்பதி தேவஸ்தானம் என்னும் அமைப்பு உருவாகி, மறு ஆண்டு குழுவினர் பொறுப்பேற்றனர். வரவுக்கும் செலவுக்கும் விதி வந்தது, தணிக்கை வந்தது. அதன் பயன் விரைவிற் கண்கூடாயிற்று. 1939-இல் ஸ்ரீவேங்கடேசுவர கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. கோயிலின் சிற்றறை ஒன்றிற் கிடந்த தாள்ளபாக்கக் கவிஞர்களின் செப்பேடுகளை வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் முதலிய புலவர்கள் அங்கே பயின்று பதிப்பித்தனர். அன்னமாச்சாரியரின் கீர்த்தனங்கள் இன்று வீடுதோறும் ஒலிப்பதற்கு அவ்வுழைப்பு ஒரு காரணம். 1945-இல் ஸ்ரீவேங்கடேசுவர கலைக்கல்லூரியும், 1952-இல் பெண்களுக்கெனப் பத்மாவதி கல்லூரியும் திறக்கப்பட்டன. சித்தூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வாழ்ந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அயலூருக்குச் செல்லாமலே பட்டம் பெறும் வாய்ப்பு இவ்வாறு அமைந்தது.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. அடுத்த ஆண்டே, 1954 செப்டம்பர் 2-ஆம் நாள், ஸ்ரீவேங்கடேசுவர பல்கலைக்கழகம் திருப்பதியில் நிறுவப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் தங்குடூரி பிரகாசம் பந்துலு. முதல் துணைவேந்தராக எஸ். கோவிந்தராஜுலு நாயுடு பொறுப்பேற்றார். சட்டத்தை அரசு இயற்றியது. நிலத்தைத் தேவஸ்தானம் அளித்தது. மலையின் அடிவாரத்தில் அப்பல்கலைக்கழக வளாகம் இன்று ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பிற் பரந்து கிடக்கின்றது. கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமும் பின்னர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தெலுங்கு நாட்டில் உள்ள அப்பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் ஒரு துறை உண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். பல்கலைக்கழகத்தைக் கொடை மட்டும் நடத்துவதில்லை. பேராசிரியர் ஊதியத்திலும் ஆய்வுக்கூடச் செலவிலும் பெரும்பகுதி அரசின் பொதுப் பணத்தினின்றே வருகின்றது. கொடை செய்யும் தொண்டு வேறு. அரசு தயங்கி நிற்கும் இடத்தில் அது முதலடி எடுத்து வைக்கின்றது, நிலம் தருகின்றது, கட்டடம் எழுப்புகின்றது, ஏழை மாணவனுக்கு உதவிச் சம்பளம் அளிக்கின்றது. வேரூன்றும் பருவத்திற் செடிக்கு ஊற்றும் நீர் போன்றது அது. மரமானபின் மழை வேண்டும். அம்மழையே மக்களின் வரிப்பணம்.

திருப்பதியில் ஊற்றிய நீர் அவ்வூரோடு நிற்கவில்லை. 1961-இல் தில்லியில் தேவஸ்தானம் ஸ்ரீவேங்கடேசுவர கல்லூரியைத் தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அக்கல்லூரியில், தலைநகரில் வாழும் தென்னாட்டார் பிள்ளைகள் பல தலைமுறையாகக் கற்று வருகின்றனர். அதே ஆண்டில் திருப்பதியில் வடமொழி வித்யாபீடம் தோன்றியபோதும் நிலம் அளித்தது தேவஸ்தானமே. அவ்வித்யாபீடம் 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 1993-இல் ஸ்ரீவேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகமும் திருப்பதியில் எழுந்தன. 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டத்தில், அன்பர் தரும் தொகை வங்கியில் வைப்பாக நிற்க, வட்டி மட்டும் சோற்றுக்குச் செலவாகின்றது. சாமவை நிலத்தை வைத்து விளைவைச் செலவிட்டாள். இன்று தொகையை வைத்து வட்டியைச் செலவிடுகின்றனர். வழி ஒன்றே.

பிற இடங்களில் நடந்ததையும் ஒப்பிட்டு நோக்கினால் உண்மை இன்னும் தெளிவாகும். சென்னையிற் பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். தம் பொருளை அறங்களுக்கு எழுதி வைத்தே சென்றார். ஆனால் அதனைக் காக்கத் தக்க அமைப்பு இல்லாமையால் வழக்கு வளர்ந்தது. நீதிமன்றம் தலையிட்டு அறங்காவலரை அமைத்து, சேர்ந்திருந்த மிகுதிப் பொருளைக் கொண்டு பள்ளி திறந்தபோது ஆண்டு 1842. இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள், அதாவது ஏறக்குறைய இரண்டு தலைமுறை, வீணாயின. கொடுக்கும் மனமும் இருந்தது. கொடுத்த பொருளும் இருந்தது. இடையில் நின்று காக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை.

சென்னைக் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல் என்பவரின் கதை வேறு வகையானது. தம் பதவியைப் பயன்படுத்திப் பொருள் ஈட்டினார் என்ற குற்றச்சாட்டின்மேற் பதவி இழந்தவர் அவர். 1718-இல் அமெரிக்காவில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், மன்னர் ஜார்ஜின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்ற தொகை ஏறத்தாழ 560 பவுன். அதற்கு நன்றியாகக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதுவே இன்று உலகப் புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகம். சென்னையில் ஈட்டிய செல்வம் கடல் கடந்து ஒருவர் பெயரை நிலைநிறுத்தியது. திருப்பதியிலோ கொடுத்தவர் கணக்கில்லாதவர். ஆகவே எவர் பெயரும் பல்கலைக்கழகத்துக்கு இடப்படவில்லை.

பெருஞ்செல்வர் கொடையின் சிறப்பையும் நாம் மறத்தலாகாது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் 20 லட்ச ரூபாய் வழங்க, 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அளித்தார். ஆயினும் பெருங்கொடையும் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடிக்கு உள்ளாக, 2013-இல் தமிழ்நாடு அரசு அதன் நிருவாகத்தை ஏற்க நேர்ந்தது. தொடங்கியவரின் பெருந்தன்மை பின்வருவோரின் கணக்கு ஒழுங்குக்கு ஈடாகாது என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

ஆகவே, கொடை கல்வியாக மாறுவதற்கு மூன்று கட்டுக்கள் வேண்டும். முதல் அழியலாகாது, குறித்த பணி மாறலாகாது, கணக்கு மறைவாக இருத்தலாகாது. இம்மூன்றும் அமைந்திருந்தபோது காணிக்கை கால்வாயாயிற்று, கல்லூரியாயிற்று. இவை தளர்ந்தபோது அதே காணிக்கை நவாபின் கடனுக்கு ஈடாயிற்று. கொடுப்பவர் எவ்வளவு கொடுத்தார் என்பதனினும், பெறுபவர் எவ்வாறு கட்டுப்பட்டார் என்பதே பெரிது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் பழங்கதை அன்று. மும்பையில் 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தொடங்கியவரும், தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளை வளர்த்தவரும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களே. எழுத்தர் வேலையிலும் சிறு வாணிகத்திலும் ஈட்டிய பொருளில் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கியவர்கள் அவர்களுள் பலர். இன்றும் நம் குடியிருப்புக்களில் பள்ளிக்கு, நூல் நிலையத்துக்கு, ஏழை மாணவர் உதவிக்கு என்று நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தோடு யாரேனும் வந்து நிற்கின்றனர். கொடுப்போம், முகம் சுளியாமற் கொடுப்போம். கொடுத்ததோடு நில்லாமல், முதல் எங்கே உள்ளது, எதற்குச் செலவாகின்றது, கணக்கை எவர் பார்க்கலாம் என்றும் கேட்போம். இவ்வாறு கேட்பது ஐயத்தால் அன்று, அக்கறையால். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கணக்கைக் கல்லிற் பொறித்ததும் அந்த அக்கறையினாலேதான்.

அடுத்த முறை மலையேறும்போது, உண்டியலிற் காசு சேர்த்தபின், அடிவாரத்தில் உள்ள பல்கலைக்கழக வாயிலின்முன் ஒரு கணம் நின்று பாருங்கள். புத்தகத்தைக் கையிலேந்தி உட்செல்லும் மாணவி ஒருத்தியைக் காண்பீர்கள். அவள் யார் மகளோ, நாம் அறியோம். அவள் படிப்புக்கு யார் யார் வீட்டு முடிச்சுக்கள் துணை நின்றன என்பதை அவளும் அறியாள். விட்டவன் விழுக்காடு என்று நாம் பெறுவது அந்தக் காட்சியே.